பேபிக்குப் போட்ட மாவுக்கட்டு

மாமனார் வீட்டில் மாப்பிள்ளை சொல்வதை யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். இதைப் பெரிய சலுகை என்று நம்பிக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிற தம்பிமார்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம்மை யாரும் மறுக்காத வீட்டில், வாயைத் திறப்பதற்கு முன் நம்மை நாமே ஒரு தடவை மறுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு அந்தப் பழக்கம் அப்போது கிடையாது. (இப்போதும் கிடையாது என்கிறாள் மலர். மலர் என் மனைவி. அவள் மறுப்பாள்.)

எனக்குக் குரோம்பேட்டையில் செல்போன் ரிப்பேர் கடை. எதைப் பார்த்தாலும், இதற்குள்ளே என்ன இருக்கிறது, இது ஏன் இப்படி வேலை செய்கிறது என்று நோண்டிப் பார்க்காமல் இருக்க முடியாத பிறவி நான். சின்ன வயதில் எங்கள் வீட்டு டேப்ரெக்கார்டரைப் பிரித்தேன், மிக்சியைப் பிரித்தேன், பக்கத்து வீட்டுத் தையல் மிஷினையும் விட்டுவைக்கவில்லை. திரும்பப் பூட்டியதில் பாதி ஓடியது. அந்தப் பாதி கொடுத்த தைரியத்தில்தான் கடையே வைத்தேன்.

கல்யாணமான முதல் சித்திரையில் மாமனார் ஊருக்கு ஒரு வாரம் தங்கப் போனேன். உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது ஊர். மாமாவுக்கு ஏரித் தண்ணீரில் கொஞ்சம் நெல், கொட்டகையில் சில மாடுகள். அதில் பேபி என்கிற செவலைக் கிடேரிதான் அத்தையின் உயிர். பேபி பிறந்த அன்றே அதன் தாய் செத்துப்போக, அத்தைதான் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தாராம். இப்போது பேபிக்குத் தலைச்சினை. கொட்டகைப் பக்கம் போகும்போதெல்லாம் அத்தை அதன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வேறு வேலை பார்ப்பார்.

எனக்கு மாடு புதுசு. குரோம்பேட்டையில் மாடு என்றால் போஸ்டர் தின்கிற, ஹாரன் அடித்தாலும் நகராத ஒன்று. இங்கேதான் முதல் தடவை ஒரு மாட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எழுந்திருக்கும்போது பின்பக்கத்தைத்தான் முதலில் தூக்குகிறது, முன்னங்கால் முட்டி கடைசியில்தான் நிமிர்கிறது. நான் அதுவரை மனிதன் மாதிரிதான் எழும் என்று நினைத்திருந்தேன். ஏன் பின்பக்கம் முதலில் என்று மாமாவிடம் கேட்டேன். அவர் ரொம்ப நேரம் யோசித்து, "அதுக்கு அப்டித்தான் வரும் மாப்ள" என்றார்.

நான் போன மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, மலர் காஞ்சிபுரத்தில் அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். (அவள் மட்டும் அன்றைக்கு வீட்டில் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது.) மேய்ச்சலுக்குப் போன பேபி, பின்னங்கால் ஒன்றைத் தரையில் வைக்காமல் நொண்டிக்கொண்டு வந்தது. கொட்டகைக்குள் வந்ததும் படுத்ததுதான், எழுந்திருக்கவே இல்லை. புல் போட்டால் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. தவிட்டுத் தண்ணீரையும் தொடவில்லை.

"ஏரிக்கரைல புதுசா ரோடு போட்டுக்கினு கீறானுங்க. அங்க எங்கியோ சறுக்கிக்கீது போல" என்றார் மாமா. "கால இஸ்துக்கினு வந்துச்சி. ஒடிஞ்சிருக்குமா இன்னான்னு தெர்ல."

அத்தை பேபியின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கால் ஒடிந்த சினை மாடு படுத்த படுக்கையானால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது. அடிமாட்டு வியாபாரி ஒருவர் பைக்கில் வந்து வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது. விஷயம் எப்படி அவர் காதுக்குப் போனதோ.

"கால் போன மாட்ட வெச்சிக்கினு இன்னாண்ணா பண்ணுவ. நாளைக்கி வண்டி வருது, ஏத்தி உட்டுரு" என்றார் அவர், ஏதோ நல்லது செய்ய வந்தவர் மாதிரி.

"நாளைக்கி டாக்டரம்மா வந்து பாக்கட்டும்" என்றார் மாமா. வியாபாரி போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனாரே தவிர, "நாளைக்கி வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. அந்த ஆளை நினைத்துத்தான் பேபியை நானே காப்பாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். கோபத்தில் எடுத்த முடிவு என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன்.

மாமா கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, போனை என்னிடம் நீட்டினார். "நீங்க பேசுங்க மாப்ள. உங்களுக்குத்தான் வெவரமா சொல்ல வரும்."

அந்த ஊரில் பம்ப்செட் கொட்டகைக்குப் பின்னால் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும், அதுவும் காற்றடிக்கிற திசையைப் பொறுத்து. டாக்டரம்மா தடுப்பூசி முகாமில் இருந்தார். "நாளைக்கு மத்தியானம் வந்து பாக்குறேன். அதுவரைக்கும் மாட்டைப் போட்டு அசைக்காதீங்க. எலும்பு போயிருந்தா..." என்றார். பிறகு கரகரவென்று ஒரு சத்தம். "...மாவுக்கட்டு போட்டு..." மறுபடியும் கரகர. "...புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம்" என்றேன்.

இங்கே என் அறிவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எனக்கு அதுவரை எலும்பு முறிந்ததே இல்லை. எங்கள் வீட்டிலும் யாருக்கும் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒருத்தன் கையில் வெள்ளையாகக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். மாவுக்கட்டு என்றார்கள். வெள்ளையாக இருந்தது, பெயரிலேயே மாவு இருந்தது, அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் நோண்டிப் பார்க்கிற நான் அதை மட்டும் நோண்டவில்லை. (கோலமாவை ஒரு நிமிஷம் நினைத்திருந்தால்கூட விழித்துக்கொண்டிருப்பேன். அதிலும்தான் மாவு இருக்கிறது, யாராவது தோசை சுடுகிறார்களா.)

என் மண்டையில் ஓடியதெல்லாம் ஒரே கேள்விதான்: எந்த மாவு?

போனில் தேடினேன். ஒருவர் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவது எப்படி என்று ஒரு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். "நல்ல உளுந்தை எடுத்து" என்று ஆரம்பித்தார். அங்கேயே வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்கு அது போதும் என்று பட்டது.

கொட்டகைக்கு வந்து, "டாக்டரம்மா மாவுக்கட்டு போடச் சொல்லிட்டாங்க" என்று அறிவித்தேன்.

மாமா என்னைப் பார்த்தார். தன் இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். "நம்மளயா மாப்ள போட சொன்னாங்க?"

"ஆமா மாமா. நாளைக்கு வர்ற வரைக்கும் எலும்பு நகரக் கூடாதுல்ல."

மாமா மறுபடியும் மணிக்கட்டைத் தடவினார். அத்தை பேபியின் தலையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். "எந்த மாவு மாப்ள?"

"உளுந்து மாவு அத்தை."

"காஞ்ச மாவா, ஊறப்போட்டு ஆட்டணுமா?"

நான் யோசித்தேன். காய்ந்த மாவு எப்படி ஒட்டும். "ஆட்டணும் அத்தை. நல்லா நைசா."

"வெறும் உளுந்துன்னா நொரநொரன்னு பூடுமே. அரிசி சேக்கணுமா?"

அந்த அம்மாள் எவ்வளவு பக்குவமாக எனக்குத் தப்பிக்க வழி காட்டினார் என்று இப்போது புரிகிறது. ஒவ்வொரு கேள்வியும் ஒரு கதவு. நான் ஒவ்வொன்றையும் சாத்திக்கொண்டே வந்தேன். "சேருங்க அத்தை, அப்போதான் இறுகும். நம்ம இட்லிக்குப் போடுற அளவே இருக்கட்டும்."

அத்தை சமையல்கட்டுப் பக்கம் நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினார். "உப்பு?"

"கொஞ்சம்" என்றேன்.

பொழுது சாயும் நேரத்தில் மாவு தயார். கிரைண்டரிலிருந்து வழித்தெடுத்த மாவு வெண்ணெய் மாதிரி இருந்தது. மாமாவின் பழைய வேட்டியைக் கிழித்து, மூங்கில் தப்பைகளைச் சீவி, பேபியின் பின்னங்காலில் முட்டிக்குக் கீழே மாவை அப்பி, தப்பை வைத்து, வேட்டியால் சுற்றி, மேலே மறுபடியும் மாவு, மறுபடியும் வேட்டி. மாமா கயிறு பிடித்தார், அத்தை குண்டான் பிடித்தார். பேபி வலியிலும் என்னை ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தது. முடித்தபோது, நானே சொல்கிறேன், பார்க்க அழகாகத்தான் இருந்தது. போட்டோ எடுத்து மலருக்கு அனுப்பினேன். போகவில்லை. போயிருந்தால் அவள் அக்கா வீட்டிலிருந்து நடந்தாவது வந்திருப்பாள்.

சித்திரை மாதத்தில், வடதமிழ்நாட்டில், உப்புப் போட்டு ஆட்டிய இட்லிமாவை ஒரு ராத்திரி மூடிவைத்தால் என்ன ஆகும் என்று இதைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். அந்தக் கொட்டகையிலும் எல்லோருக்கும் தெரியும், என்னையும் சேர்த்துத்தான். ஆனால் அது காலில் இருக்கும்போது மாவு என்பது மறந்துவிடுகிறது.

காலையில் மாமா வந்து எழுப்பினார். "மாப்ள, கால் வீங்கிக்கீது."

ஓடினேன். கால் நேற்று இருந்ததைப் போல இரண்டு மடங்கு பருத்திருந்தது. வேட்டி விறைத்துப் போய், சுற்றின இடுக்குகளிலெல்லாம் வெள்ளையாக ஏதோ பொங்கி வழிந்துகொண்டிருந்தது. புளித்த வாடை.

"சீழ் மாமா" என்றேன்.

அத்தை பக்கத்தில் குனிந்து முகர்ந்தார். "மாவு வாசன மாரி கீது மாப்ள."

"சீழும் அப்படித்தான் இருக்கும் அத்தை" என்றேன். எங்கிருந்து அந்த ஞானம் வந்ததோ. அத்தை அதையும் நம்பினார், நம்பி அழ ஆரம்பித்தார். பேபியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "புட்டில ஊத்தி வளத்தனே, கண்ணு" என்று அழுதார். நான் பம்ப்செட்டுக்குப் பின்னால் ஓடி டாக்டரம்மாவைப் பிடித்தேன்.

"மேடம், டபுள் சைஸா வீங்கிடுச்சு. வெள்ளையா சீழ் வழியுது. நாத்தம் வேற."

"ஒரு ராத்திரியிலயா? அப்படி அழுகிப் போச்சுன்னா காப்பாத்துறது கஷ்டம்ங்க. நான் உடனே கிளம்புறேன்."

டாக்டரம்மா வருவதற்குள் தெருவே வந்துவிட்டது. நேற்று வந்த வியாபாரியும் வந்து, சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். டாக்டரம்மா ஸ்கூட்டரை நிறுத்தி, பையிலிருந்து ஊசி, கத்தரி எல்லாம் எடுத்து வரிசையாக வைத்து, கையுறை மாட்டினார். முகத்தைப் பார்த்தால் நல்ல சேதி சொல்லப்போகிற முகமாகத் தெரியவில்லை. வேட்டியை மேலிருந்து கீழாக ஒரே வெட்டாக வெட்டினார்.

பொதக்கென்று ஒரு சத்தம். கால் முழுக்க இருந்த மாவு வழுக்கிக்கொண்டு தரையில் விழுந்து மெதுவாகப் பரவியது. நன்றாகப் புளித்து, சின்னச் சின்னக் கொப்புளமாக, அவ்வளவு பதமாக இருந்தது. டாக்டரம்மா கையுறை விரலை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"இது இட்லி மாவு" என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு எங்களைப் பார்த்து, "உப்பு வேற போட்டீங்களா?"

"கொஞ்சந்தாம்மா" என்றார் அத்தை, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"யாரு இந்தக் கட்டைப் போட்டது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா ஓர் அடி முன்னால் வைத்தார். "நாந்தாம்மா."

டாக்டரம்மா பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷம் மாடு வளர்க்கிறவர் செய்கிற வேலையா இது, சின்னப் பிள்ளைகூட இப்படிச் செய்யாதே, சினை மாட்டை வைத்து விளையாடுகிறீர்களா என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றார். தெரு பார்த்துக்கொண்டு நின்றது. என்னால் தாங்க முடியவில்லை.

"மேடம், அவர் இல்ல. நான்தான்."

மாமா பதறிப்போனார். "மாப்ள சும்மா சொல்றாரும்மா, எனக்கோசரம். அவருக்கு இன்னாம்மா தெரியும். ஒண்ணுமே தெரியாது அவருக்கு."

அந்த வீட்டில் என்னைப் பற்றிச் சொல்லப்பட்ட முதல் உண்மை அது. என் மானத்தைக் காப்பாற்றத்தான் அதைச் சொன்னார் என்பதால் எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அதற்குள் பின்னால் ஏதோ சரசரவென்று சத்தம். பேபி. முந்தின நாளிலிருந்து ஒரு வாய் தின்னாத மாடு, கழுத்தை வளைத்து, மூக்கை விரித்து, தரையில் கிடந்த மாவை முகர்ந்துகொண்டிருந்தது. நாக்கு எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்த்தது. எட்டவில்லை. அப்புறம், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, பின்பக்கத்தைத்தான் முதலில் தூக்கியது. ஒரு பின்னங்காலை மடக்கிப் பிடித்துக்கொண்டே, மற்றதில் பாரத்தைப் போட்டு எழுந்து, முன்னங்காலை நிமிர்த்தி, நொண்டி நொண்டித் திரும்பி, தன் கட்டைத் தானே நக்க ஆரம்பித்தது.

"எந்திரிச்சிக்கிச்சே" என்றார் அத்தை. நான் செய்த காரியத்துக்குப் பேபி எழுந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை, ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

மாடு நின்றதுதான் சாக்கு என்று டாக்டரம்மா காலைத் தூக்கச் சொல்லி, மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வந்தார். எலும்பு நன்றாகவே இருந்தது. நான் மாவு அப்பிய இடத்தில் ஒன்றுமே இல்லை. அதற்கும் கீழே, குளம்பின் இடுக்கில், கூர்மையான ஒரு ஜல்லிக்கல் ஆழமாகக் குத்திக்கொண்டு கிடந்தது. புது ரோட்டு ஜல்லி. அதைப் பிடுங்கியபோது பேபி விட்ட உதையில், பக்கத்தில் குனிந்து வேடிக்கை பார்த்த நான் சாணத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மிச்ச மாவை எடுத்துடுங்க. நிறையத் தின்னா வயிறு உப்பிக்கும்" என்றார் டாக்டரம்மா. வியாபாரி சத்தமில்லாமல் பைக்கை உருட்டிக்கொண்டு போனார்.

நான் சாணத்திலிருந்து எழுந்து, மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன். "மேடம், அப்போ நிஜ மாவுக்கட்டுல என்ன மாவு?"

டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். யார் கட்டுப் போட்டது என்று அவருக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும். "அது ஒரு கல்லைப் பொடி பண்ணது சார். இட்லி வராது."

காலை டவுன் பஸ்ஸில் மலர் வந்து இறங்கினாள். தரையில் மாவு, காலில் மாவு, என் பேண்ட்டில் சாணம். அத்தை நடந்ததைச் சொல்லச் சொல்ல, மலர் வைக்கோல் மேல் உட்கார்ந்து, பிறகு படுத்தே சிரித்தாள். அவள்தான் சொன்னாள், மாமா முன்பு மொபெட்டிலிருந்து விழுந்து இடது மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு ரொம்ப நாள் திரிந்தாராம்.

"அப்போ உங்க அப்பாவுக்கு எல்லாம் தெரியுமா?"

"தெரியாம?"

"ஏன் சொல்லல?"

"மாப்பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றது" என்றாள். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

ஒரு வாரத்துக்கு என்று போனவன் கடையைப் பூட்டியபடியே விட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டேன். நிஜமான வைத்தியம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. தினமும் குளம்பை வெதுவெதுப்பான மருந்துத் தண்ணீரில் கழுவ வேண்டும். தண்ணீர் ரோஸ் கலரில் இருக்கும், கழுவிய என் விரலெல்லாம் பழுப்பாகிவிட்டது. களிம்பு தடவி, துணி சுற்றி, ஈரம் படாமல் சாக்கில் ஒரு செருப்பு மாதிரி தைத்துக் கட்டினேன். படுத்தே இருந்தால் ஒரு பக்கம் புண்ணாகிவிடும் என்று மாமாவும் நானும் சேர்ந்து பக்கம் மாற்றிப் படுக்க வைப்போம். சும்மா இருக்கும் நேரத்தில் பேபியின் வயிற்றில் காது வைத்துக் கேட்பேன். உள்ளே கடமுடவென்று ஒரு சத்தம், எங்கேயோ தூரத்தில் லாரி போகிற மாதிரி. ஒருநாள் அந்தச் சத்தத்துக்கு நடுவில் என் கன்னத்தில் எதுவோ இடித்தது. கன்றுக்குட்டி. உள்ளேயிருந்து உதைத்தது. நான் பிரித்துப் பார்க்க ஆசைப்படாத முதல் பொருள் அதுதான் என்று நினைக்கிறேன்.

பேபி யார் போனாலும் காலைக் கொடுக்காது, நான் போனால் கொடுக்கும். அன்பு என்று நான் மலரிடம் பெருமையடித்துக்கொண்டேன். புளித்த மாவு என்றாள் மலர். என் கையை முகர்ந்து பார்த்தால் அவள் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது. பேபி என்னைக் கண்டாலே முதலில் கையைத்தான் மோந்து பார்க்கும்.

கால் சரியாகி, ஆடி முடிவதற்குள் பேபி கன்று போட்டது. வெள்ளைக் கன்று. மலர் அதற்கு இட்லி என்று பெயர் வைத்தாள். ஊரில் யாரும் என் பெயரைச் சொல்வதில்லை, மாவுக்கட்டு மாப்பிள்ளை என்றால்தான் தெரியும். ஆனால் மாமாவும் அத்தையும் மட்டும் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். யாராவது ஆரம்பித்தால் மாமா பேச்சை மழைக்கு மாற்றிவிடுவார். எத்தனையோ வருஷம் போயும் நான் அந்த வீட்டில் மாப்பிள்ளைதான். எனக்கு முதலில் இலை, எனக்கு மட்டும் நாற்காலி, நான் சொன்னால் சரி. அந்த மரியாதை எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. திட்டு வாங்கிக்கொண்டு நின்ற மாமாவின் குனிந்த தலை அந்த நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் ஞாபகம் வரும்.

போன பள்ளி விடுமுறையில் எங்கள் மகள் மாமா வீட்டுக் கொய்யா மரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள். காஞ்சிபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "மாவுக்கட்டு போட்டுடலாம்" என்றார் டாக்டர். மலர் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அத்தை விட்டத்தைப் பார்த்தார். மாமா, "மய வர்ற மாரி கீது" என்றார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

கட்டோடு வீட்டுக்கு வந்ததும் மகள் நேராகக் கொட்டகைக்குத்தான் போனாள், பேபியிடம் காட்ட. நாங்களும் பின்னாலேயே போனோம். பேபிக்கு இப்போது வயதாகிவிட்டது. ஆனாலும் வெள்ளையாக ஒரு கட்டைப் பார்த்ததும் அதன் காது நிமிர்ந்தது. மூக்கை விரித்து முகர்ந்தது. நீளமாக ஒரு நக்கு நக்கியது. கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு வைக்கோலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டது.

மாமா தன் இடது மணிக்கட்டைத் தடவினார்.

"உப்பு பத்தல, மாப்ள" என்றார்.

அத்தை முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாமா சிரித்து நான் பார்த்ததே இல்லை, அன்றைக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், நானும்தான். அன்று ராத்திரி எனக்கு நாற்காலி போடவில்லை. அவர் பக்கத்தில் தரையில்தான் உட்கார்ந்து சாப்பிட்டேன். இப்போதெல்லாம் அந்த வீட்டில் குழம்பில் உப்புக் குறைந்தால் யாரும் அத்தையைக் கேட்பதில்லை. "மாடு திரும்பிக்கினு பூடும்" என்பார் மாமா. என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொல்வார்.